ஜார் மன்னரும் கலினா ஆன்ட்டியும்

1998 ஜூலை 13, திங்கள். இர்விங்.

வெயில் நூற்று மூன்று. இவர் விடியற்காலை ஃப்ளைட்டில் ஹூஸ்டன் ப்ராஜெக்டுக்குப் போயாயிற்று. இனி வெள்ளி வரை நானும் ஏ.சி. சத்தமும். வாங்க வேண்டியது: கொத்தமல்லி, பெருங்காயம், ஏரோகிராம். கார் ஓட்டத் தெரியாது, ஆகவே கடை சனிக்கிழமை. நடக்கிற தூரத்தில் லைப்ரரி மட்டும்தான்.

நாளை லைப்ரரி இங்கிலீஷ் வகுப்பில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பக்கத்து நாற்காலி கலினா ஆன்ட்டி, ரஷ்யாக்காரர், எழுபது வயது, எதிர் பில்டிங். இந்த ஊரில் தானாக வந்து என்னிடம் பேசுகிற ஒரே ஆள். கடைசி ஜார் குடும்பத்தின் எலும்புகளை எண்பது வருஷம் கழித்து வெள்ளிக்கிழமை அடக்கம் செய்கிறார்களாம். போன வகுப்பு முழுக்க அதே பேச்சு. சந்தோஷப்படுவார் என்று அதையே எடுத்தேன். 'ரஷ்யப் புரட்சிக்கான காரணங்கள்' பத்தாம் வகுப்பில் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பத்துக்கு ஒன்பதரை.

14, செவ்வாய்.

சொதப்பல். 'ஜார்' என்றேன். "பிக்கிள் ஜார்?" என்றார் டீச்சர். சிரிப்பு. இங்கே 'ஸார்' என்பார்களாம், என்னவோ வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல. பதற்றத்தில் மனப்பாடம் மட்டும் மடமடவென்று வந்தது. ஒன்று, மன்னரின் திறமையின்மை. இரண்டு, ராணியின் தலையீடு. மூன்று, போர்த் தோல்விகள். நான்கு, ரொட்டிப் பஞ்சம். விளைவு: முந்நூறு வருஷ வம்சம் ஒழிந்தது. "கிங், குவீன், ஃபைவ் சில்ட்ரன், ஆல் எக்ஸ்பயர்ட்." இங்கே பால்தான் எக்ஸ்பயர் ஆகுமாம். மறுபடி சிரிப்பு.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

16, வியாழன்.

நூற்று நான்கு. வகுப்புக்கு ஆன்ட்டி வரவில்லை. அவர் நாற்காலியில் யாரோ பை வைத்திருந்தார்கள்.

இவர் ஃபோன். "சாப்ட்டியா?" "ம்." "வேற என்ன?" "ஒண்ணுமில்ல." சொன்னால், "யாரோ ஒரு பாட்டி, இதுக்குப் போய் ஃபீல் பண்றியா?" என்பார். இருந்த ஒரு ஆளையும் நானே விரட்டிவிட்டேன். வெங்காயம் நறுக்கும்போது அழுதேன், வெங்காயத்தால் அல்ல.

17, வெள்ளி.

தாங்கவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி வீட்டு டிவியில் அடக்கம். சின்னச் சின்னப் பெட்டிகள். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பால் இல்லாத டீ, தொட்டுக்கொள்ள ஜாம். ஸாரி சொல்ல வாயெடுத்தேன், ஆன்ட்டி முந்திக்கொண்டார்.

"யூ சே நம்பர் ஃபோர். ப்ரெட். நம்பர் ஃபோர் இஸ் மை மாமா."

எந்த மாமா என்று விழித்தேன். அம்மாவாம். பதினேழு வயதில் ரொட்டி வரிசையில் நின்றவர். மன்னர் ஒழிக என்று தெருவில் கத்தியவர். மன்னரின் நாலு மகள்களையும்கூடச் சுட்டுவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்ததும், 'நான் ரொட்டிதானே கேட்டேன்' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் போயிற்றா, தெரியவில்லை. கிளம்பும்போது டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

18, சனி.

இவர் வந்தாயிற்று. துணி மூன்று லோடு. கடைக்குக் கிளம்பும் நேரம் கதவு தட்டும் சத்தம். பீட்ஸாக்காரரைத் தவிர இந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. இவர் கதவு ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, "யாரோ வெள்ளைக்காரப் பாட்டி. வீடு மாறி வந்துட்டாங்க போல," என்றார்.

"இல்லைங்க. என்னைப் பாக்க வந்திருக்காங்க."