குங்குமப் பொட்டு வைத்த ஸ்டேஷன்

மச்சான்,

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. மழையில் ஏற்றம் ஏறுகிற தேயிலைக் கொழுந்து லொறியைப் போல ஒரு வரி மேலே போகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. அதிலும் இந்த 'ழ' வருகிற இடத்தில் பேனா சறுக்குகிறது. அந்த எழுத்தைக் கண்டுபிடித்தவன் வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். பொறுத்துக்கொள். உன் காலத்தில் உன் மச்சான் கைநாட்டு. இப்போது எழுதுகிறான். இன்னொருவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தன் கையாலேயே எழுதுகிறான். இந்த வரியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

இன்று காலை என் மருமகன் உன் ரேடியோவின் முதுகைக் கழற்றினான். பழைய தூசி வாசனையும், ஈயம் காய்ந்த வாசனையும், கரப்பான் வாசனையும் ஒன்றாக வந்தன. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, இது செத்த சாமான். பெட்டி மட்டும் நல்ல பெட்டி. உள்ளைய மாத்திப்புட்டா கேசட்டும் கேக்கலாம்."

அதே வார்த்தைகள், மச்சான். அன்றைக்கு ஹட்டனில் ரேடியோ திருத்துகிற அந்த பாஸ் சொன்ன அதே வார்த்தைகள். நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியைக் கண்டால் இவர்களுக்கெல்லாம் கை அரிக்கிறது. பிறகு இவன் ஒரு துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழி பறந்தது. துணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே மாற்றுவதா வேண்டாமா என்பதை மட்டும் உன்னோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். மாமனாருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா மாற்றலாகிப் போகும்போது உனக்கு விட்டுவிட்டுப் போன பெட்டி அது. நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம். கண்ணாடியில் ஏதேதோ எண்கள். நமக்கு அவை எறும்பு ஊர்ந்த தடம். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, அதற்கு ஒரு வழி செய்தாள். செய்தி சொல்கிற இடத்தில் சுண்ணாம்பு. பக்திப் பாட்டு வருகிற இடத்தில் மஞ்சள். கொழும்பிலிருந்து இந்தியாக்காரர்களுக்காகப் பாடுகிற ஸ்டேஷனுக்குக் குங்குமம். முள்ளைப் பொட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். "துரை வீட்டு ரேடியோவுக்குக்கூட பொட்டு இல்ல, பாத்தியா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாய்.

உன் மகள் லெட்சுமி கல்யாணமாகி, மாப்பிள்ளை வீட்டாரோடு இந்தியாவுக்குப் போன பிறகு குங்குமப் பொட்டை விட்டு அந்த முள் அதிகம் நகரவில்லை. கோத்தகிரியிலிருந்து அவள் போட்ட கடிதத்தை மேல் லயத்து சாமுவேல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தது நினைவிருக்கிறதா? வாசிப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமி, தேத்தண்ணி குடித்து, நம் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்ப்பானே, தானே எழுதிய கடிதம் போல.

"மகனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. ரேடியோவுக்கு கார்டு போட்டிருக்கிறேன். தைப்பூசம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள். அவன் பெயரை நான் இதில் எழுதவில்லை. ரேடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள்."

தங்கச்சி அன்று முழுவதும் நடந்த நடையே வேறு. பேரனைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். பெயரைக் கேட்க ஒரு குமிழைத் திருகினால் போதும்.

அப்போதுதான் பெட்டரி இறங்கத் தொடங்கியது. செங்கல் கணக்காக இருக்கும் அந்தப் பெரிய பெட்டரி கடைகளுக்கு வருவது நின்றிருந்தது. அந்தக் காலத்தில் கடைக்கு எதுதான் வந்தது? ஹட்டனில் இல்லை, தலவாக்கலையில் இல்லை. ரேடியோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவனைப் போல ஆகிவிட்டது.

நான் சொன்னேன்: "மச்சான், ஞாயித்துக்கெழமை வரைக்கும் அத தொடாத. இருக்கிற உசுர மிச்சம் பிடிச்சி வைய்யி."

"பேரு சொல்ற நேரத்துல வாய மூடிக்கிச்சின்னா?"

"மூடாது."

"நீ என்னா பெட்டரிக்கு மாமனா? மூடாதுங்கிற!"

நான் பெட்டரிக்கு மாமன் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு மாமன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு நீ போன இடம் இருக்கிறதே! அந்த பாஸ், ரேடியோ திருத்துகிறவன், சட்டைப்பையில் மூன்று பேனா குத்தியிருந்தவன். பேனா எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதி நான் பார்த்ததில்லை. இப்போது எழுதத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பேனா போதும்.

"பெரியவரே, இது செத்த சாமான்," என்றான். "உள்ளுக்கு இருக்கிற கண்ணாடி பல்பெல்லாம் கழட்டிப்புட்டு புது மாதிரி போட்டுடுறேன். டோர்ச் பெட்டரியில ஓடும். சத்தம் மூணு மடங்கு."

நான் உன் கையைக் கிள்ளினேன். நீ பார்க்கவேயில்லை. டோர்ச் பெட்டரி என்ற ஒரே சொல்லில் நீ விழுந்துவிட்டாய், அது ஒன்றுதான் அப்போதும் கடையில் கிடைத்தது. "ஞாயித்துக்கெழமைக்கு முந்தி குடுத்துருவீங்களா, பாஸ்?" என்று கெஞ்சினாய். பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கையாவிடம்கூட நீ அப்படிக் கெஞ்சியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி வந்தது. தங்கச்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு இல்லை.

"அண்ணே, கண்ணாடிய தொடச்சிருக்காங்கண்ணே," என்றாள். குங்குமம் அழிந்தது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை உன் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

நீ உன் பெருமையை விடவில்லை. "அழுக்கா இருந்திச்சாம், ஸ்பிரிட்டு போட்டு தொடச்சானாம். அதுக்குக் கூலி வேணான்னுட்டான். நல்ல மனுசன்."

நல்ல மனுசன்! முள்ளை இழுக்கிற நூலையும் புதிதாகக் கட்டியிருந்தான். முன்பு செய்தி வந்த இடத்தில் இப்போது இரைச்சல். இரைச்சல் வந்த இடத்தில் யாரோ சிங்களத்தில் மருந்து விற்றான். நாம் தேடுகிற ஸ்டேஷன் அந்த நேரத்தில் பாடாது, அதனால் அன்றைக்குத் தேடவும் வழியில்லை. சத்தம் மட்டும் மூன்று மடங்குதான், பொய் இல்லை. தகரத்தில் ஆணி கொண்டு கீறுகிற சத்தம். "எப்பிடி அதிருது பாத்தியா?" என்றாய். அதிர்வது ஒரு பெருமையா? கண்டாக்கையா கத்தினாலும்தான் மலை அதிரும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நீ குமிழைப் பிடித்தாய். சிங்களப் பாட்டு. இங்கிலீசு. ஒரு விசில். மறுபடி சிங்களம்.

"மெதுவா திருப்பு மச்சான், கொழுந்துக் கூடையா அது?"

"நீ பேசாம இரு. நீ பேசித்தான் அது ஓடுது."

"கொஞ்சம் இந்தப் பக்கம்…"

"எந்தப் பக்கம்? ஒனக்கு பக்கம் தெரியுமா?"

தங்கச்சி எழுந்து மேல் லயத்துக்கு ஓடினாள். சாமுவேலிடம் ஒரு ரேடியோ இருந்தது. சாமுவேல் குடும்பத்தோடு ஹட்டன் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தான். கதவில் பூட்டு. அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்து நின்ற நேரத்தில் உன் விரலுக்குக் கீழே தமிழ் கேட்டது. பாட்டு பாதிக்கு மேல் போயிருந்தது. முடிந்ததும், யார் யாருக்காக அந்தப் பாட்டைப் போட்டார்கள் என்று மறுபடி சொல்லாமல், அந்த அறிவிப்பாளர் அம்மா அடுத்த கார்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த கார்டுக்கும் போனார். நிகழ்ச்சி முடிந்தது.

"இதுதான் நம்ம பாட்டு," என்றாய் நீ.

மச்சான், அது ஒரு குடிகாரன் பாடுகிற பாட்டு. ஒரு வயதுப் பிள்ளைக்கு எவள் குடிகாரன் பாட்டுக் கேட்டு கார்டு போடுவாள்? ஆனால் உன் முகத்தைப் பார்த்து நானும் தங்கச்சியும் தலையை ஆட்டினோம்.

அதோடு விட்டிருக்கலாம். சாமுவேலைக் கூப்பிட்டுப் பதில் எழுதச் சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பேரைக் கேட்டோம். ரொம்ப நல்லா இருந்திச்சின்னு எழுதுங்க." கேட்கவில்லை என்று சொன்னால் சாமுவேலுக்குத் தெரியும். சாமுவேலுக்குத் தெரிந்தால் ஃபெக்டரிக்குத் தெரியும். ரேடியோவை மாற்றப் போய்ப் பேரன் பெயரைக் கோட்டை விட்டவன் என்று மலை முழுக்கச் சிரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் சொன்னது சரியாகிவிடும். அதற்கு உன் வீம்பு இடம் கொடுக்கவில்லை.

லெட்சுமியும் நீ சொன்னதை நம்பிவிட்டாள். பிறகு வந்த கடிதமெல்லாம் தம்பி நடக்கிறான், தம்பிக்கு அம்மை இறங்கிவிட்டது, தம்பி பள்ளிக்கூடம் போகிறான். தம்பி, தம்பி, தம்பி. நீயோ பெரட்டுக்குப் போகிற வழியில் ஊரிலுள்ள சாமிப் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாய். "முருகேசா இருக்குமோ? இல்ல, அவ மாமனாரு பேரா இருக்கும்." ஒரு நாள் கவ்வாத்து மலையில், ஒரு காரணமும் இல்லாமல், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: "என்னா பேரா இருக்கும் மச்சான்?" அன்றைக்கு மட்டும் நான் உன்னை ஏசவில்லை.

அந்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியோடு போய்ச் சேர்ந்தாய், பெயர் தெரியாமலே.

தங்கச்சியிடம், "இப்பவாவது கேட்டு எழுதச் சொல்லுவோமா?" என்றேன். "வேணாண்ணே. கேட்டோம்னு அவரு சொல்லிட்டாரு. செத்த பெறகு அவர பொய்யாக்கவா?" என்றாள். குடும்பமே வீம்பு.

பிறகு பிள்ளைமடுவத்தில் பெரியவர்களுக்கு சாயங்கால வகுப்பு தொடங்கினார்கள். பகலில் கொழுந்துக்காரிகளின் பிள்ளைகளைத் தூங்க வைக்கிற அதே இடம். பால் வாசனை போகாத அந்தக் குட்டை பெஞ்சில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தேன். மருமகன் சிரித்தான். சாமுவேல் சிரித்தான். எனக்குத் தேவை ஒரே ஒரு கடிதம், நடுவில் ஒரு வாய் இல்லாமல். முதல் கடிதம் லெட்சுமிக்குத்தான் எழுதினேன். அரைப் பக்கம்தான், அதற்கே ஒரு வாரம் ஆனது. "உன் அப்பன் கேட்கவில்லை. பொய் சொன்னான். இன்னொரு தடவை கார்டு போடு. மாமா."

பதில் வந்தது. நானே வாசித்தேன். "அழுதேன் மாமா. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு, கார்டை அவர் கையால் எழுத வைத்துப் போட்டிருக்கிறேன். தம்பி பெயரை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. ரேடியோவிலேயே கேளுங்கள்."

இந்த முறை நான் அதற்கு முந்தின ஞாயிறே அந்த ஸ்டேஷனைத் தேடிப் பிடித்துவிட்டேன். முள் நின்ற எண்ணை நானே வாசித்து, ஒரு தாளில் எழுதி, பெட்டியின் தலையில் ஒட்டினேன். தாளைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி உள்ளே போனாள். விரல் நுனியில் குங்குமத்தோடு வந்தாள். தன் நெற்றிக்கு இனி வைக்க மாட்டாள். கண்ணாடியில் அந்த எண்ணுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டோம். நீ காசு கொடுத்துக் கெடுத்த அந்தத் தகரத் தொண்டையில்தான் கேட்டோம். கோத்தகிரியிலிருந்து லெட்சுமி, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற அம்மாவும் மாமாவும் கேட்பதற்காக, தன் அன்பு மகன்… அதற்கடுத்து அந்த அம்மா சொன்னது உன் பெயர், மச்சான்.

நான் உன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அண்ணே, அது… அது அவரு…" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. உன் பெயரை அவள் என்றைக்குச் சொன்னாள், இன்றைக்குச் சொல்ல? அப்பன் பெயரை வாயால் சொல்லி அதட்ட முடியாமல்தான் லெட்சுமிக்கும் அவன் தம்பி. எழுதக்கூட முடியவில்லை. உன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சொல்ல முடியாததை வாய் திறந்து சொல்லத்தான் ஒரு ரேடியோ வேண்டியிருந்தது. நீயோ அதைக் கொண்டுபோய் மூன்று பேனாக்காரனிடம் கொடுத்தாய். உலகத்துப் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தாயே, மடையா, உன் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயா?

மருமகனிடம் முடிவைச் சொல்லிவிட்டேன். "மூடி ஆணியைப் போடு. உள்ளேயும் தொடாதே, வெளியேயும் துடைக்காதே." பெட்டி நல்ல பெட்டி என்பதால் அல்ல. கேவலமான பெட்டி. ஆனால் உன் வீட்டில் உன் பெயரைச் சொன்ன வாய் அது ஒன்றுதான். இனி அது ஊமையாகும் வரை இப்படியே கத்தட்டும். எண் வாசிக்கத் தெரிந்த பிறகும் நான் முள்ளைப் பொட்டைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.

பேரனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். உறையின் மேல் அவன் பெயரை, அதாவது உன் பெயரை, எழுத வேண்டும். அதற்குள் இந்தப் பாழாய்ப் போன 'ழ' உட்கார்ந்திருக்கிறது. நாலு உறை கெட்டுவிட்டது. தினமும் எழுதிப் பழகுகிறேன். அடுத்த வாரம் உனக்கு எழுதும்போது பார், நேராக நிற்கும்.

உன் மச்சான்