சூனியக்காரிக்கு அம்மாவின் குரல்

ஏன்னா,
ஃபிளாஸ்கில் காப்பி இருக்கிறது. மைத்ரேயிக்கு இரண்டு தோசை வார்த்துக் கொடுங்கள். கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று தியேட்டரில் அந்தக் கார்ட்டூன் சூனியக்காரி வாயைத் திறந்ததும், "அது அம்மா சத்தமாக்கும்!" என்று குழந்தை அலறி, என் மடியிலிருந்து உங்களிடம் தாவினாளே. "குழந்தைகள் படத்துக்கு இத்தனை பயங்கரமா டப்பிங் பேசணுமா?" என்று கேட்டீர்கள். அதுவரை, நன்றாகப் பேசினேன் என்று பெருமைப்பட்டிருந்தேன்.

காலையில் அவளைக் கூப்பிட்டேன். காதைப் பொத்திக்கொண்டாள். அதனால்தான் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டுடியோவுக்குப் போகிறேன்.

பத்மஜா

பி.கு. அவளுக்கு: "கண்ணா, அது வெறும் நடிப்பு. சாயங்காலம் வந்து, நீயா கூப்பிடற வரைக்கும் அம்மா பேசாம உன் பக்கத்துல உக்காந்துண்டிருப்பேன்."

இதை நீங்களே படித்துக் காட்டுங்கள், உங்கள் குரலில்.