ஜன்னலோரப் பாய்

இலோய்லோ
3 செப்டம்பர் 1996

அன்புத் தங்கை டெல்ஃபினாவுக்கு,

நீ ஹாங்காங் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு வரி எழுதவில்லை. கோபம் தீர்ந்திருக்காது. எனக்கே என்மேல் தீரவில்லை.

பிள்ளைகள் காப்பகத்துக்குப் பின்னால் இருக்கும் மீன்குளத்துக்கு வேலி கேட்டு நகரசபைக்கு நான் நடந்த நடை உனக்குத் தெரியும். உன் பிள்ளை நோனோய் அதில் மூழ்கிப் போன பிறகும் நடக்கிறேன். இன்றைக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான். ஒன்றைக் கழுவிவிடும்போது மற்றதுகளைப் பார்க்க எனக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? "பெத்தவளே புகார் குடுக்கல, உனக்கென்னம்மா வந்துச்சு?" என்கிறார் கவுன்சிலர் பெலார்மினோ.

எழுத வந்தது வேறு. மத்தியானம் பாய் விரித்தால் ஜன்னலோரத்தில் எந்தப் பிள்ளையும் படுப்பதில்லை. போன வாரம் சேர்ந்த குட்டிகூட, "அங்க நோனோய் தூங்குறான் டீச்சர்" என்கிறது. அது அவனைப் பார்த்ததே கிடையாது.

எங்கிருந்து கிளம்பினாலும், உயிர் அங்கேயே தங்கிவிடக் கூடாதென்று, பிள்ளையைப் பேர் சொல்லி, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டுத்தானே கிளம்புவோம்? அன்றைய கூச்சலில் அவனை யாரும் கூப்பிடவில்லை. நான் தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறான். பெற்றவள் கூப்பிட்டால் வருவான். ஒரு தடவை வந்து போடி. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பெர்லா அக்கா


ஹாங்காங்
22 செப்டம்பர் 1996

பெர்லா அக்காவுக்கு,

வரமாட்டேன். எந்த வீட்டுக்கு அக்கா கூப்பிடுவது? வீடு பூட்டிக் கிடக்கிறது. அவன் அப்பா எந்தக் கப்பலில் இருக்கிறாரோ.

இங்கே ஒரே ஒரு பிள்ளைக்கு நான் ஒருத்தி. அது தும்மினால்கூட எஜமானியம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். அங்கே நாற்பதுக்கு நீங்கள் ஒருத்தி. அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. என் கோபம் உங்கள்மேல் இல்லை.

புகார் இல்லை என்றாரே, இதுதான் புகார். அவருக்கே படித்துக் காட்டுங்கள். வேலி வேண்டும், இன்னொரு ஆசிரியை வேண்டும், வருஷா வருஷம் வந்து சோதிக்க ஆள் வேண்டும். அதுவரை என் பிள்ளை அங்கேயே இருக்கட்டும். மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்து நகரசபைக்காரர்களை வரச்சொல்லுங்கள்.

டெல்ஃபினா


இலோய்லோ
18 நவம்பர் 1996

என் கண்ணே டெல்ஃபினா,

வந்தார்கள். உன் கடிதத்தைப் படித்தேன். பெலார்மினோ சிரித்துக்கொண்டே, "பேய்க்கும் சேத்து ஆயா கேக்குறியா பெர்லா?" என்று ஜன்னல் பக்கம் போனார். படுத்திருந்த குட்டி ஒன்று தலையைத் தூக்கி, "மாமா, பாத்து! நோனோய் கைய மிதிக்காதீங்க" என்றது.

மனுஷன் தூக்கிய காலை வைக்க இடம் தெரியாமல் நின்றார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. பணம் ஒதுக்கிவிட்டார்கள். வேலி போட்டாகிவிட்டது. இரண்டாவது ஆசிரியை வந்துவிட்டாள். இத்தனை பிள்ளைக்கு ஓர் ஆள் என்று கணக்கும், வருஷா வருஷம் வந்து சோதிக்க ஆளும் வைத்துவிட்டார்கள். நீ கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. இனியாவது வந்து அவனைக் கூப்பிட்டுப் போ.

பெர்லா


மணிலா விமான நிலையம்
9 ஜனவரி 1997

அக்கா,

வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் காப்பக வாசலில் நின்றேன்.

முதலில் பின்பக்கம் போய் வேலியை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே புது டீச்சர் ஒரு பிள்ளையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீங்கள் வரிசையாகப் போர்த்திவிட்டுக்கொண்டே வந்து, ஜன்னலோரத்தில் காலியாக இருந்த பாய்க்கும் ஒரு துணியைப் போர்த்தினீர்கள். தட்டிக்கொடுக்கவும் செய்தீர்கள்.

கூப்பிட வாயைத் திறந்தேன் அக்கா. கூப்பிடவில்லை. நான் கூட்டிப்போனால் எங்கே வைத்துக்கொள்வேன்? எஜமானியம்மா வீட்டுச் சமையலறையிலா? இப்படி இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் இடம் எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

முன்பெல்லாம் அவனை உங்களிடம் விட்டுவிட்டு மீன்சந்தைக்கு ஓடுவேனே, அப்படியே திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்.

இந்தத் தடவை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்ஃபினா