மொட்டை மாடி சுவிட்சும் என் மைக்ரோவேவும்

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக உன்மேல் உள்ள கோபத்தைத் தள்ளுபடி செய்ய நான் ஆடி மாதத் துணிக்கடை அல்ல.

இன்று காலை மேல்தொட்டி மறுபடி நிரம்பி வழிந்தது. என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அருவி. மற்ற ஐந்து வீட்டிலும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. நான்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி மோட்டாரை நிறுத்தினேன். அந்த சுவிட்சின் ஓரத்தில், நீ ஒட்டிய கறுப்பு டேப்பின் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. உரித்தேன். டேப் வந்துவிட்டது, பசை விரலோடு வந்துவிட்டது. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. அந்தப் பிசுபிசுத்த விரலோடுதான் இதை எழுதுகிறேன். செத்த பிறகும் ஒட்டிக்கொள்ள உன்னால்தான் முடியும்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வீடு வாங்கியபோது காற்று வரும் என்று நினைத்தேன். நீ வந்தாய். என் வீட்டுக்கு எதிர்க் கதவு. என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் உன் பூஜை அறை. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருபது பேரை மேய்த்த பழக்கத்தில், யாரும் கேட்காமலே குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாய். விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான், கல்லூரியில் துறைத்தலைவர் ஆகாதது போலவே இங்கேயும் உறுப்பினராகவே இருந்தேன்.

மோட்டாரை நிறுத்த இரண்டு சுவிட்சுகள். கீழே படிக்கட்டு ஓரம் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று. கீழே இருப்பது கட்டடத்தோடு பிறந்த ஊனம். சாவி கொடுத்த நாளிலிருந்தே வேலை செய்ததில்லை. மாடி சுவிட்ச் ஒன்றுதான் நம் ஆறு குடும்பத்துக்கும் காவல். தொட்டி நிரம்புவதற்குள் நான் அணைத்துவிடுகிறேன் என்று சந்தேகப்பட்டு, அதன்மேல் நீ டேப் சுற்றினாய். அதற்குப் பிறகு ஒருநாள், மோட்டாரைத் தானாகப் போடும் கருவியும் ஓடும் நிலையிலேயே சிக்கிக்கொண்டது; டேப்பை மீறி அணைக்க முடியவில்லை. மொட்டை மாடித் தண்ணீர் படி வழியாக இறங்கி என் வீட்டுக்குள் வந்து, நான் திருத்த வைத்திருந்த விடைத்தாள்களை நனைத்தது. அதனால் விடைகளின் தரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

"சுவிட்சைக் கெடுத்து வச்சிருக்கியேப்பா!" என்று கத்தினேன்.

"நான் இன்னாத்த கெடுத்தேன் வாத்தியாரே? சுவிட்சு புச்சாட்டம் கீது. மேல டேப்புதான ஒட்டிகீறேன்?" என்றாய்.

அந்த வாக்கியத்தை என் வகுப்பில் ஜீன் பாடம் நடத்தும்போது எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறேன். உன் பெயரைச் சொன்னதில்லை. உனக்கு எதற்குப் பெருமை?

சில மாதம் கழித்து உனக்குப் பெருங்குடலில் புற்று என்றார்கள். மருத்துவர் சொன்னதும் கொடுத்த ஜீன் பரிசோதனைத் தாளும் புரியாமல், ஒரு மாலை என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாய். தொட்டி நிழலில் உட்கார்ந்தோம்.

"படிச்சவன்தான நீ? எனுக்குப் புரியற மாரி சொல்லு" என்றாய்.

சொன்னேன். உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் ஒரே ஜீன்கள்தான். கண்ணில் எது எரிய வேண்டும், குடலில் எது அணைய வேண்டும், செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில்தான் உடம்பு ஓடுகிறது. செல் பெருகும்போது ஜீனில் விழும் எழுத்துப்பிழையைத் திருத்தவும் காவல் ஜீன்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அப்படி ஒரு காவல் ஜீனில், உன் அப்பா கொடுத்த பிரதி பிறவியிலேயே பழுது.

"கீழ் சுவிட்சு" என்றாய்.

"ஆமாம். இன்னொன்றை வைத்து இத்தனை வருடம் ஓட்டினாய். ஏதோ ஒரு குடல் செல்லில் அதுவும் போயிற்று. எழுத்து மாறியும் போகலாம். ஒரு எழுத்தும் மாறாமல், மேலே ரசாயன மூடி விழுந்து வாயடைத்தும் போகலாம். அதற்குப் பிறகு திருத்த ஆளில்லாமல் பிழைமேல் பிழை. அதில் ஒன்று, பெருகச் சொல்லும் ஜீனை நிறுத்தவே முடியாமல் ஆக்கிவிட்டது. வழிய ஆரம்பித்தது."

தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்:

"அப்ப என் கொடலுக்குள்ள டேப்பு ஒட்டுன சோமாறி யாரு?"

"யாருமில்லை. தானாக நடப்பது."

"யாருமில்லன்னா எப்டி மாமே? ஜனங்க கேப்பாங்கல்ல?"

அங்கேதான் உன் குடும்ப வழக்கம் எனக்குப் பிடிபட்டது. உன் அப்பா வயிற்றுக்கட்டியில் போனபோது சாராயம் என்றார்கள். அவர் வெற்றிலைகூடப் போட்டதில்லை என்று நீயே சொன்னாய். உன் அத்தை அதே கட்டியில் போனபோது பக்கத்து வீட்டுக்காரி வைத்த செய்வினை என்றார்கள். பாவம், அவள் ஊரையே காலி செய்துகொண்டு போனாள். உங்கள் வீட்டில் ஜீன் ஒருபோதும் குற்றவாளி ஆனதில்லை. வெளியே ஒரு ஆள் வேண்டும்.

அப்போது உன் மகள் மஞ்சுவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாய். மருத்துவர் அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார் என்றதும் என் கையைப் பிடித்தாய். "ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா மாப்ள ஊட்டுக்காரன் திரும்பிப் பாக்காம பூடுவான். கல்யாணம் முடியட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். தொட்டியின்மேல் கை வைத்து.

"ஜனங்களாண்ட இன்னா சொல்றது?"

"எதையாவது சொல்லப்பா" என்றேன்.

நீ சொன்னது என் மைக்ரோவேவ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் மாடி அம்மாள் எழுந்து, "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பொட்டியிலேர்ந்து வர்ற கதிரு நேரா செவுத்தத் தாண்டி அவரு சாமி கும்புடற எடத்துக்குப் போவுதாமே? அவரு தெனம் அரை மணி நேரம் அங்கதான குந்தியிருக்காரு?" என்றார். அது சாம்பாரைச் சூடாக்கும், ஜீனை மாற்றாது என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர் நாற்காலியிலிருந்து நீ சத்தியத்தை ஞாபகப்படுத்தும் முகத்தோடு பார்த்தாய். உடம்பு முடியாதவனின் முகம். அதை வைத்து நீ என்னை எவ்வளவு ஏய்த்தாய்!

மைக்ரோவேவ் பரணுக்குப் போனது. பழைய வேட்டியில் சுற்றி, பிணம் மாதிரி. அன்றிலிருந்து ஆறிப்போன மதியச் சாப்பாட்டை அப்படியே சாப்பிடுகிறேன். உன் பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர் என் தோளைத் தட்டி, "நீங்க அப்பவே எடுத்துட்டீங்க சார். எங்களயாச்சும் காப்பாத்துனீங்க" என்றார். வடையை வாயில் வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்தது. "சீமந்தம் ஆவட்டும்" என்றாய். ஆனது. "கொயந்த பொறக்கட்டும்." பிறந்தது. "மொட்ட அடிச்சி காது குத்திடறேன்." அதற்குள் நீயே போய்விட்டாய். தவணை கேட்டுக் கேட்டே தப்பித்தவன் நீ. சத்தியம் மட்டும் என் தலையில்.

போன ஞாயிறு மஞ்சு மாங்காட்டிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தாள். படி ஏறி வந்தவள் என் வாசலிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. ரத்தம் குறைவாம், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். வயிறும் சரியில்லையாம்.

"அப்பாவுக்கு வந்ததைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயாம்மா?"

"அதெல்லாம் எதுக்கு அங்கிள்? அவருக்கு வந்தது வேற." கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள். "எங்க ஊட்ல மைக்ரோவேவே கெடையாது. வாங்கவே கூடாதுன்னு சொல்லிட்டேன். எனுக்கு ஒண்ணும் வராது."

சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து உன் மனைவி, "மஞ்சு, அவராண்ட இன்னா பேச்சு? உள்ள வா" என்றார். கதவு சாத்திக்கொண்டது. நீ விட்டுப்போன பொய் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, பார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. எனவே உனக்கு எழுதும் இந்த மடலை மஞ்சுவின் மாங்காட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் விலாசம் என்னிடம் இல்லை.

அம்மா மஞ்சு, உன் அப்பாவைத் திட்டியதையெல்லாம் தாண்டி இதை மட்டும் படி. அந்தப் பழுது உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. வந்திருந்தாலும் அது புற்று அல்ல, கீழ் சுவிட்ச் வேலை செய்யாத வீடு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் அடிக்கடி மேலே போய்ப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அத்தைப் பாட்டிக்கும் என்ன வந்தது என்று மருத்துவரிடம் சொல். ரத்தப் பரிசோதனை செய். குடலைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல். சின்ன முளையாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் வழியாது. மாத்திரை முடியட்டும் என்று தவணை கேட்காதே. அந்தக் குணமும் உங்கள் குடும்பத்தில் இருக்கிறது.

உன்னிடம் திரும்புகிறேன், செயலாளரே. கீழ் சுவிட்சை இன்றுவரை யாரும் சரிசெய்யவில்லை. தினமும் காலையில் நான்தான் மேலே போகிறேன். உன்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறேன்; இறங்கும்போது திட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. மறுநாள் காலைக்குள் எப்படியோ ஊறிவிடுகிறது.

உறையை ஒட்டப்போகிறேன். பசைக்குப் பஞ்சமில்லை, விரலிலேயே இருக்கிறது. கீழே பெயர் எழுதவில்லை. பேசவில்லை, பெயரும் போடவில்லை என்று நாளை உன் முன்னால் வந்து நிற்கும்போது நான் சொல்ல வேண்டும். அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். இந்தக் குடியிருப்பில் மைக்ரோவேவ் வைத்திருந்தவன் ஒருவன்தான்.