சர்க்கரை இல்லாத டீ

அப்பாவுக்கு, சென்னையிலிருந்து இசக்கிச்செல்வி. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

எங்கள் மனநல மருத்துவமனையில் கன்னியப்பன் என்று ஒரு நோயாளி. அண்ணனைப் போலவே மனநோய்க்கு மூன்று வித மாத்திரை. அதே கை நடுக்கம், அதே ஓயாத தூக்கம். புது டாக்டர் பையப் பையக் குறைத்து ஒன்றில் நிறுத்தினார். நேற்று கன்னியப்பன் என்னிடம், "இன்னாம்மா டீ இது, சர்க்கரையே இல்ல?" என்று கத்தினார். அதுவரை, அண்ணனைப் போலவே அவரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வார்டே சிரித்தது. நான் சர்க்கரை எடுக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

நீங்களாக அண்ணனின் மாத்திரை எதையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போகும்போது, இத்தனை மாத்திரையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கோபிப்பாரோ என்று தயங்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. என்றைக்காவது அண்ணன், "ஏட்டி செல்வி, எங்க போய்த் தொலைஞ்ச?" என்று சத்தம் போட்டால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடுங்கள்.

செல்வி