பல்லிளிக்கும் குண்டு

செப்டம்பர் 4

அம்மா இன்று குண்டு ஊற்றினாள். அறுந்த வலைகளிலிருந்து பிய்த்தெடுத்த ஈயக்கட்டிகள்தான் சரக்கு. சட்டியில் உருகும்போது வீடெல்லாம் மீன்சூப் வாசம். நான் கரண்டியும் ரொட்டியுமாக அடுப்பருகே போய் நின்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

பர்மேன் மாமா, அம்மாவின் தம்பி, யெனிசேய் ஆற்றங்கரையிலேயே அகலமான மனுஷன், பெஞ்சை முழுசாக அடைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"மாமா, நீ அச்சுல விழுந்தா எந்தத் துப்பாக்கிக்கு ஆவே?"

"உன் வாய்க்குத்தான் ஆவேன், வாலு. ஒரேயடியா அடைச்சிரலாம்."

முதல் நாலைந்து குண்டு எப்போதும் கிழவி முகம்போலச் சுருங்கித்தான் பிறக்கும். அச்சு இன்னும் சூடாகியிருக்காது. அவை திரும்பச் சட்டிக்கே போகும். நன்றாக வந்தவற்றின் வாலை நறுக்கி, இரண்டு கனத்த வாணலிகளுக்கு நடுவில் போட்டு உருட்டுவது என் வேலை. உருட்டினால் வீட்டுக்குள் இடி இடிக்கும். போன வருஷம்வரை மேல் வாணலி நஸார் அண்ணனுடையது. இன்று இரண்டும் நான்தான். நடுவில் ஒரு தடவை நிறுத்தினேன். வாணலி நின்ற பிறகும் ஏதோ கொஞ்ச நேரம் உருண்டதுபோல இருந்தது.

சாயங்காலம் பித்தளைத் தோட்டாக்களில் வெடிமருந்து போட்டு அடைக்கும்போது தக்கை தீர்ந்துவிட்டது. தக்கைக்குக் கம்பளிதான் வேண்டும்.

"அக்கா, மூலையில நஸாரோட கம்பளி பூட்ஸு சும்மாதானே கிடக்கு? ரெண்டு வட்டம் வெட்டினா…"

"பனி விழுந்ததும் அவன் காலுக்கு என்னத்தைப் போட்டுக்குவான்?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

மாமா தன் படகில் விரித்திருந்த கம்பளியை எடுத்து வந்து வெட்டினார்.

செப்டம்பர் 5

போன வருஷம் இதே மாதம். நஸார் தனியாகப் படகேறி மேலாற்று வேட்டைக் குடிசைக்குப் போனான். போகுமுன் அவன் குண்டுகளில் ஊசியால் நான் முகம் கீறி வைத்தேன். முன்பல்லில் ஒரு சந்து, அவனுக்கு இருப்பதுபோலவே. "இதைப் பார்த்ததும் மிருகம் சிரிச்சே செத்திரும்" என்றேன். "உன்னைப் பார்த்து இன்னும் எதுவும் சாகலியே" என்றான்.

பத்து நாள் கழித்து அவன் படகு கீழே கப்பல்துறையில் நின்றது. ஒழுங்காகக் கட்டி, துடுப்பு உள்ளே வைத்து. கட்டின படகு என்றால் கட்டினவன் இறங்கிப் போயிருக்கிறான். கப்பலேறிப் பட்டணம் போய்விட்டான், அங்கே ஒருத்தி இருக்கிறாளாம் என்று ஊரே சொன்னது. யாரும் காட்டில் தேடப் போகவில்லை. ஓடிப்போனவனை எதற்குக் காட்டில் தேடுவது?

அம்மா அவனைத் திட்டத் திட்ட உடம்பு தேறினாள். அதனால் நானும் நம்பினேன். கப்பல் ஊதும்போதெல்லாம் முன்றானையில் கை துடைத்தபடி கரைக்கு ஓடுகிறாள். வந்து, "அடுத்ததுல வருவான் தடியன்" என்கிறாள். மேசையில் அவன் கரண்டியும் இருக்கிறது. தினமும் அதைக் கழுவுவது நான். யாரும் சாப்பிடாத கரண்டி எப்படி அழுக்காகிறது?

செப்டம்பர் 9

துமான் சாப்பிடவில்லை. நாய்க்கு விரதமா? காட்டுப் பக்கம் பார்த்தே படுத்திருக்கிறது.

செப்டம்பர் 12

மீன் புகைபோடும் கொட்டகைக் கதவு இரண்டாகப் பிளந்து கிடந்தது. மண்ணில் காலடித் தடம். என் இரண்டு காலையும் உள்ளே வைத்தேன், மிச்சம் இருந்தது.

"கரடி!" என்று கத்திவிட்டேன். அம்மா வாயைப் பொத்தினாள். எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது, 'எசமான்' என்றுதான் சொல்ல வேண்டும். பேர் சொன்னால் வந்து நிற்குமாம். மாமா தன் வேட்டைக் கதைகளில் விடுகிற கரடிகளெல்லாம் வந்து நின்றால் ஊரில் இடம் போதாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நடக்கும்போது முன் இடது காலை இழுத்திருக்கிறது. மண்ணில் கோடு விழுந்திருந்தது.

செப்டம்பர் 14

மாமா சுட்டுவிட்டார். ஒரே குண்டு. ஓடை மேட்டில் நானும் அவரும்தான் தோலுரித்தோம். கால் பிடிக்க நான். மாமா தன் குண்டைத் தேடி எடுத்தார். எசமானிடமிருந்து எடுத்த ஈயம் மறுபடி சட்டிக்குத்தான் போக வேண்டும், அது வழக்கம்.

பிறகு இடது தோளுக்குக் கீழே கத்தி எதிலோ இடித்தது. வெள்ளையாக, கெட்டியாக ஒரு முடிச்சு. பழைய காயம் மூடி வளர்ந்த சதை. பிளந்தார். இன்னொரு குண்டு.

ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நசுங்காத பக்கத்தைப் புல்லில் துடைத்தேன்.

பாதி வாய். பல். சந்து.

நான் போட்டது. நான் போட்டதுதான். வேறு யார் இப்படிப் போடுவார்கள்?

மாமா கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். "அடிபட்ட எசமான் சுட்டவனை விடாதுடி. அப்ப அந்தப் படகு…" என்றார். "மாமா, படகு கட்டியிருந்துச்சே?" "மிதந்து வந்திருக்கும்டி. யாரோ பிடிச்சுத் துறையில கட்டிட்டுப் போயிருப்பான். ஆத்துல ஆளில்லாத படகைப் பார்த்தா நானும் அதைத்தானே செய்வேன். கட்டிட்டு, துடுப்பை உள்ள வெச்சிட்டு…" இத்தனை பெரிய உடம்பு அழுது நான் பார்த்ததில்லை.

ஆற்றில் முகம் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "சட்டியில போட்டிரு. உருகிப் போகட்டும். அவன் பட்டணத்துலதான் இருக்கான். உங்கம்மாவுக்கு அது போதும்."

செப்டம்பர் 15

சட்டியில் போடவில்லை. கையுறைக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 19

மாமா மூன்று நாள் மேலாற்றுப் பக்கம் தேடிவிட்டு வந்தார். அம்மாவிடம் வாத்து வேட்டை என்று சொல்லியிருந்தார். ஒரு வாத்தும் இல்லை, வேறு எதுவும் இல்லை. ஒரு வருஷப் பனியும் வெள்ளமும் எதை விட்டுவைக்கும்?

செப்டம்பர் 23

கப்பல் ஊதியது. அம்மா ஓடினாள். மாவுக் கையோடு. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சொல்லிவிட்டால் இனி ஓட மாட்டாள். சொல்லாவிட்டால் கிழவியாகிற வரைக்கும் ஓடுவாள். இதில் எது மோசம்? கையுறைக்குள் அது பல்லைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. என்னடா இளிப்பு? நீயே சொல்லேன்.

அக்டோபர் 3

பனிக்காலத்துக்கான ஈயத்தை அம்மா உருக்க ஆரம்பித்தாள்.

"எசமான்கிட்ட எடுத்தது எங்கே?"

மாமாவின் குண்டைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

கரண்டியைக் கீழே வைத்தாள். "உஸ்தீனா, எசமானைச் சுட்டதுலேர்ந்து மாமா இந்த வீட்டுப் பெஞ்சுல எத்தனை தடவை வந்து உட்கார்ந்தாச்சு, நீ அவன் தொப்பையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலே. அவனும் உன்னை வாலுன்னு கூப்பிடலே. நான் என்ன கண்ணு தெரியாதவளா? கொண்டா."

போய்க் கையுறையை எடுத்து வந்தேன். அம்மா குண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. கட்டைவிரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். சட்டியில் ஈயம் அதிகம் காய்ந்து நீலம் பூத்தது. நான் சட்டியை இறக்கி ஓரமாக வைத்தேன்.

"எங்கே பட்டிருந்துச்சு?"

"இடது தோளுக்குக் கீழே. முன்பக்கம்."

"முன்பக்கமா?"

"ஆமாம்மா."

"அப்ப எதிர்ல நின்னுதான் சுட்டிருக்கான்" என்றாள். "ஓடலே."

கொஞ்சம் கழித்து: "ஒரு வருஷமா ஓடிப்போனவன்னு திட்டினேனேடி."

நான் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.

அக்டோபர் 4

மேசையில் மூன்று பேர் சாப்பிட்டோம். மூன்று கரண்டி.

அக்டோபர் 8

முதல் பனி. இந்த வருஷத்துக் கடைசிக் கப்பல் ஊதியது. கப்பல்காரன் நீளமாக ஊதினான். இனி ஆறு உறைந்துவிடும். அம்மா தலை நிமிரவில்லை. நஸாரின் பூட்ஸ் மேசைமேல் இருந்தது. கத்தரியால் நெடுக வெட்டி விரித்தாள். தக்கை வெட்டும் இரும்புக்குழாயை என் கையில் கொடுத்தாள்.

"வட்டம் பிசிறில்லாம வரணும். மாமா நாளைக்குக் காட்டுக்குப் போறான்."

ஒவ்வொரு அடிக்கும் ஒரு வட்டம் விழுந்தது. தடித்த, சாம்பல் நிற வட்டங்கள். குதிகால் பக்கம் இன்னும் அவன் தேய்த்த தேய்ப்பு இருந்தது. அதையும் வெட்டினேன்.

பிறகு குண்டு உருட்டினோம். மேல் வாணலியை அம்மா பிடித்தாள். நிறுத்தியபோது சத்தமும் நின்றது.

பல்லுக் குண்டு சட்டிக்குப் போகவில்லை. வழக்கத்தை மீறி எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

உருட்டி முடித்த குண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் ஊசியை எடுத்து முன்னால் வைத்தாள்.

"ஒவ்வொண்ணுலேயும் மாமா முகத்தைப் போடு."

"எதுக்கும்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். தெரிந்துதான் கேட்டேன்.

பெஞ்சிலிருந்து மாமாதான் சொன்னார்:

"கன்னத்தை நல்லா உப்பலாப் போடு, வாலு. பின்னால யாரு கண்டெடுத்தாலும் அப்பதான் நான்னு தெரியும்."

விளக்கை அருகே இழுத்துக்கொண்டு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கன்னம்.