கபுரில் இருந்து எடுத்த தகடு

குறிஞ்சாக்கேணி
20.05.1981

அன்பு மகன் அன்ஸாருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கடல் கடந்த ஊரில் அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பழகின கை போகிறது, ஆனால் இந்த முறை பொய்யோடு தொடங்க எனக்கு மனமில்லை. வாப்பாவுக்கு இருமல் விடவில்லை, களப்பில் மீன் பிடிக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். உன் தம்பி பாயிஸின் பெண்சாதி ஸல்ஹா வீட்டில் பாய் பின்னி விற்கிறாள், அந்தப் பிள்ளை வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை, சொன்னால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். மழை பெய்து கிணறு நிறைந்தது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. நீ அனுப்பிய கடிதம் போன கிழமை வந்தது. தம்பியின் காலைப் புதைத்த இடத்தைத் தோண்ட வேண்டாம், கபுரைக் கிளறுவது பாவம், எல்லாம் நஸீபு, எழுதின விதி என்று விட்டுவிடுங்கள், வழக்கும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான்கு பக்கம் எழுதியிருந்தாய் மகன். பெருநாள் வாழ்த்துக்கூட நீ ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினவன் இல்லை. உன் கடிதம் வந்து சேருமுன்பே நாங்கள் தோண்டிவிட்டோம். நடந்ததை இதுவரை துண்டு துண்டாகத்தான் உனக்கு அறிவித்தோம், இன்று முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும்போது தூக்குக் கயிறு அறுந்து பாயிஸின் கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது உனக்குத் தெரியும். உருக்குத் தகடு வைத்து எலும்பைச் சேர்த்துப் பூட்ட வேண்டும், இங்கே தகடு இல்லை, கொழும்பில் வாங்கி வாருங்கள் என்று டொக்டர் துண்டு எழுதித் தந்ததும் தெரியும். நீ அப்போது விசாவுக்காகக் கொழும்பில் நின்றாய். என் கைக் காப்பை விற்ற காசை உனக்கு அனுப்பினோம், நீ தகட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த மாதமே விமானம் ஏறினாய். புண் ஆறி அவன் நடக்கத் தொடங்கினான், ஊன்றுகோலை ஸல்ஹா அடுப்பில் வைப்பேன் என்று பகிடி பண்ணினாள். பிறகு ஒரு நாள் பள்ளிக்குத் தொழப் போய் வரும் வழியில், விழவும் இல்லை, எதிலும் மோதவும் இல்லை, காலுக்குள் சுள்ளி ஒடிந்தமாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். தகடு உள்ளே உடைந்துவிட்டது. சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, உயிரா காலா என்று கேட்கும் நிலைமைக்கு வந்து, முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். வெட்டின காலை ஆசுபத்திரியில் துணியில் சுற்றி வாப்பாவிடம் கொடுத்தார்கள். மனித உடம்பின் துண்டு ஒன்றும் குப்பைக்குப் போகக் கூடாது என்பதுதானே நம் வழக்கம், வாப்பா அதை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் ஒரு மூலையில் தன் கையால் அடக்கினார். தகடும் காலோடு மண்ணுக்குள் போனது. அது தேவைப்படும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும், அழுகிற வீட்டில் இரும்பை யார் நினைப்பார்கள்.

பிறகு நான்தான் பிடிவாதமாக வாப்பாவைத் துறை கடக்க வைத்து, பட்டணத்தில் லோயர் ஆனந்தராசாவிடம் அனுப்பினேன். வாப்பா கோடு கச்சேரி என்றாலே பயப்படுகிறவர், அவரை நம்பினால் ஆகாது என்று ஸல்ஹாவையும் கூட அனுப்பினேன். லோயர் நல்ல மனிதர், அவர்களை இருத்தி வைத்து விளங்கப்படுத்தியிருக்கிறார். துறைமுகத்தார் முதல் முறிவுக்கு மட்டும்தான் பொறுப்பு, அதற்குரியதைக் கொடுத்துவிட்டார்கள், கால் போனதற்கு அவர்களைப் பிடிக்க ஏலாது. டொக்டரின் பேரில் போடலாம், அரசாங்கத்தின் பேரிலும் இப்போது போட வழியிருக்கிறது, ஆனால் டொக்டர் கவனமில்லாமல் செய்தார் என்று இன்னொரு டொக்டர் வந்து சொல்ல வேண்டும், யார் வருவார். தகட்டை விற்றவன்மேல் போடுவதுதான் பலமான வழி, காலுக்குள் வைக்கத் தருகிற சாமான் காலுக்குள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் விற்றவன் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். கேட்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அதற்குத் தகடு வேண்டும். எக்ஸ்ரே படத்தை மட்டும் காட்டினால், பாயிஸ் எலும்பு கூடுமுன்பே காலை ஊன்றினான் அதனால் உடைந்தது என்று சொல்லித் தப்பிவிடுவார்களாம், இரும்பை அறிந்தவர் ஒருவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அத்தோடு கால் கெட்டு இரண்டு வருடத்துக்குள் வழக்கை வைக்க வேண்டும், வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு போனால் கதவு மூடிவிடும் என்றும் சொன்னார்.

பள்ளித் தலைவர் ஸெய்னுதீன் ஹாஜியார் முதலில் உன்னைப் போலத்தான் கதைத்தார், அடக்கினதைத் தோண்டுறது நமக்கு அழகில்ல, ஊர் சிரிக்கும் என்றார். வாப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாயிஸ்தான் கதிரையில் இருந்தபடி, அது என்ட கால் ஹாஜியார், மையத்தாப் போனது கால்தான், நான் இன்னும் உசிரோடதான் இரிக்கன், என்னத்தான் கேட்கணும் என்று சொன்னான். மௌலவியும் உரிமையை நிலைநாட்டத் தோண்டினால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். நாங்களாகவே எதையோ கொண்டு போட்டோம் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது என்பதற்காகக் கிராம சேவகரையும் ஒரு சமாதான நீதவானையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். விடிய சுபஹு தொழுகைக்குப் பிறகு தோண்டினார்கள். வாப்பா மண்வெட்டியை வாங்கி எறிந்துவிட்டு முழங்காலில் இருந்து கையால் மண்ணை அள்ளினாராம். பெற்ற பிள்ளையின் எலும்பை ஒரு தகப்பன் மண்ணுக்குள் தேடுகிறான். பாயிஸ் ஊன்றுகோலில் நின்று கடைசி வரை பார்த்தான். பார்க்காதே என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. தகட்டை எடுத்துக்கொண்டு எலும்பைப் புதிய துணியில் சுற்றித் திரும்ப அடக்கினார்கள். வீட்டுக்கு வந்தவன் ஒரு பிடி சோறும் தின்னவில்லை.

தகடு நடு ஓட்டையோடு இரண்டாக முறிந்திருந்தது, பழைய பூட்டைப் போல் செம்மண் நிறத்தில் துரு. காலுக்குரிய உருக்கு ஒரு நாளும் இப்படித் துருப்பிடிக்காதாம். செய்த கொம்பனியின் அடையாளமும் இலக்கமும் அடித்திருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் அராவின தடம் இருக்கிறது என்று லோயர் காட்டினார். யாரோ வேண்டுமென்றே அழித்திருக்கிறான். டொக்டர் துண்டில் எழுதின பெரிய கொம்பனியில்தான் வாங்கினேன் என்று நீ அன்றைக்குச் சொன்னாய் அல்லவா, அந்தக் கொம்பனிக்கு லோயர் எழுதிக் கேட்டார். பதில் போன கிழமை வந்தது. அந்த வருடம் முழுவதும் அவர்கள் அப்படி ஒரு தகட்டை உனக்கும் விற்கவில்லை, வேறு எவருக்கும் விற்கவில்லை. அதே கிழமைதான் உன் நான்கு பக்கக் கடிதமும் வந்தது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் மகன். நான் படித்தவள் இல்லை, ஆனால் உன்னைப் பெற்றவள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று எவனோ கூப்பிட்டுக் கொடுத்தானா, பயண ஏஜெண்டுக்குக் கட்டக் காசு குறைந்ததால் நீயே அப்படி ஒரு கடையைத் தேடிப் போனாயா, நான் கேட்கவில்லை. தம்பியின் கால் போக வேண்டும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை மறைக்கவும் மாட்டேன். தோண்டுவது பாவம் என்று நீ எழுதினாயே, அதை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது. பாயிஸும் ஊகித்துவிட்டான். கொம்பனியின் பதிலை லோயர் வாசித்துக் காட்டியதும் அவன் முகம் மாறியதாம். வீட்டுக்கு வந்து, வழக்கு வேணாம் உம்மா, கூடப்பிறந்த காக்காவக் கோட்டுக்கு இழுத்து எனக்கு ஒரு காசும் வேணாம், விட்டிருவம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். இழந்தவன் அவன், விட்டுக் கொடுக்கிறவனும் அவன், இது எந்த ஊர் நியாயம். நான் விட மாட்டேன்.

லோயரிடம் நான் ஆள் அனுப்பிக் கேட்டேன். ஏமாந்து வாங்கினவனைச் சட்டம் பிடிக்காது, விற்றவனைத்தான் பிடிக்கும், ஆனால் வாங்கினவன் வந்து, இந்தத் தகட்டை இந்தக் கடையில் வாங்கினேன் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், அவன் வாய் திறக்காவிட்டால் வழக்கு இல்லை என்றார். அந்தக் கடையில் இன்றைக்கும் யாரோ ஒருவன் கையில் டொக்டரின் துண்டோடு நிற்பான் மகன். இருக்கிற வழி இது ஒன்றுதான், அதைத் திறக்கிற திறப்பு உன் கையில் மட்டும் இருக்கிறது. கடையின் பேரையும் தெருவையும் உடனே எழுது, பெருநாளுக்கு முன்பு லீவு கேட்டு வா. வேலை போனால் போகட்டும், கால் போனவனுக்கே வேலை போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது.

உன் கடிதத்தின் கடைசியில், அங்கே நல்ல செயற்கைக் கால் செய்கிறார்கள், தம்பியின் அளவை அனுப்புங்கள், நான் வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அளவெடுக்க ஸல்ஹா நூலையும் கொண்டு வந்தாள், நான்தான் வாங்கி வைத்துவிட்டேன். உன் கையால் வாங்கின இன்னொரு சாமானை அவன் உடம்பில் பூட்ட எனக்கு நெஞ்சு வரவில்லை. முதலில் கடையின் பேர் வரட்டும்.

தொழுகையை விடாதே, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஐந்து நேரமும் உங்கள் இருவருக்காகவும்தான் துஆ கேட்கிறேன், உனக்காகக் கேட்கும்போது கூடுதலாக அழுகிறேன். அல்லாஹ் உன் நாவுக்குத் தைரியத்தைத் தரட்டும்.

உனக்கும் பாயிஸுக்கும் உம்மா,
நஜ்முன் நிஸா